அப்பாவின் ரத்தத்தில் ஒரு சிவப்பு எண்: பார்க்கின்சன் நோயில் மறதி நோயை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

இந்த முறை பதில் எழுத எடுத்துக்கொண்டது ஒரு மகளின் கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 68 வயது. கணக்கராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து 7 ஆண்டுகள் ஆகின்றன. லெவோடோபாவும், கை நடுக்கத்துக்காக ட்ரைஹெக்ஸிஃபெனிடிலும் தொடக்கத்திலிருந்தே சாப்பிடுகிறார். சர்க்கரை நோய்க்கு 12 ஆண்டுகளாக மெட்ஃபார்மின். பாதங்களில் எரிச்சல், மரத்துப்போன உணர்வு. ரத்தத்தில் கிரியேட்டினின் சற்றுக் கூடுதல். இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்ததால், 6 மாதத்துக்கு முன் வேறொரு மருத்துவர் ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை கொடுத்திருக்கிறார். போன மாதம் எழுந்து நடக்கும்போது தலைசுற்றிக் கீழே விழுந்து நெற்றியில் அடி பட்டது.

கடந்த சில மாதங்களாக அப்பாவிடம் மாற்றம் தெரிகிறது. பெயர்கள் சட்டென்று வருவதில்லை. முதல் எழுத்தைச் சொன்னால் வந்துவிடுகிறது. வீட்டு வரவு செலவை எழுதும்போது பாதியில் குழம்பிவிடுகிறார். அறையின் ஓரத்தில் யாரோ கடந்துபோவதுபோல் தெரிகிறது என்கிறார், பிறகு அவரே "யாரும் இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது" என்றும் சொல்லிவிடுகிறார். தூக்கத்தில் கத்துகிறார், உதைக்கிறார்.

மறதி நோயை முன்பே கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனைகள் வந்துவிட்டதாகப் படித்த மகள், வழக்கமான சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தபோது, அப்பாவிடம் சொல்லாமல் நியூரோஃபிலமென்ட் லைட் என்ற பரிசோதனையையும் சேர்த்துச் செய்திருக்கிறார். முடிவில் மேல்நோக்கிய சிவப்பு அம்புக்குறி. பார்க்கின்சன் நோயாளிகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு மறதி நோய் வரும் என்றும் எங்கோ படித்திருக்கிறார். தம்பி, "அப்பா தெளிவாக இருக்கும்போதே வீட்டையும் வங்கிக் கணக்கையும் நம் பெயருக்கு மாற்றிவிடலாம்" என்கிறார். மகள் கேட்பது இவை: நான் செய்தது தவறா? அப்பாவிடம் சொல்வதா, மறைப்பதா? பி-டாவ் 217 பரிசோதனையும் செய்து உறுதி செய்துகொள்ளலாமா? மறதி நோய் வகைகளில் ஒன்றான அல்சைமருக்கு வந்திருக்கும் புதிய மருந்தை இப்போதே தொடங்க முடியுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் என் கண் அந்தச் சிவப்பு அம்புக்குறியைத் தாண்டி, அப்பாவின் மாத்திரைப் பட்டியலில் போய் நின்றது. ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பது அந்த எண் என்பதால் முதலில் அதையே பார்ப்போம்.

அந்த எண் எதை அளக்கிறது

நரம்பு செல்லிலிருந்து நீளமான இழை ஒன்று கிளம்பி அடுத்த செல் வரை போகிறது. அந்த இழை தொய்யாமல் இருக்க, உள்ளே சாரம் கட்டியதுபோல் சில புரதங்கள் தாங்கி நிற்கின்றன. நியூரோஃபிலமென்ட் லைட் அவற்றில் ஒன்று. இழை சேதமடையும்போது இந்தப் புரதம் வெளியே கசிகிறது. மூளையைச் சுற்றியுள்ள நீரில் கலந்து, அதிலும் மிகச் சிறு பங்குதான் ரத்தத்துக்கு வந்து சேர்கிறது. பிகோகிராம் கணக்கில், அதாவது ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கி, அதில் சில பங்குகளை அளக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு நுண்ணிய அளவைச் சாதாரண ரத்தத்தில் பிடிக்கும் கருவிகள் சமீப ஆண்டுகளில்தான் வந்தன. மருத்துவ உலகம் இதைக் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. முன்பு இதற்கு முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுக்க வேண்டும்.

பார்க்கின்சன் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், தொடக்கத்திலேயே இந்த அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு நினைவாற்றலும் நடமாட்டமும் சராசரியாக வேகமாகச் சரிந்தன. நீங்கள் படித்ததில் அந்தப் பகுதி உண்மைதான். ஆனால் அதில் "சராசரியாக" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அது ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்தி. அதை ஒற்றை மனிதருக்குப் பொருத்தும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இந்தப் புரதம் எந்த நரம்பு சேதமானாலும் கசியும். பார்க்கின்சனால் கசிந்ததா, வேறு எதனாலா என்று ரத்தத்தில் முகவரி எழுதியிருக்காது. உங்கள் கடிதத்தை வைத்தே எண்ணிப் பாருங்கள். அப்பாவின் பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது. 12 ஆண்டு சர்க்கரை நோயில் கால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதற்கான அறிகுறி அது, கால் நரம்பிலிருந்தும் இதே புரதம் வரும். கிரியேட்டினின் கூடுதல் என்றால் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்கிறது என்று பொருள், அப்போது ரத்தத்தில் இந்தப் புரதம் தேங்கும். போன மாதம் தலையில் அடி பட்டிருக்கிறது. தலைக்காயத்துக்குப் பிறகு இந்த அளவு வாரக்கணக்கில் உயர்ந்து இருக்கலாம். வயது ஏற ஏற எல்லோருக்கும் இது ஏறும் என்பது வேறு. அந்த முடிவுத்தாளில் 68 வயதுக்கான வரம்பைப் போட்டிருந்தார்களா, எல்லா வயதுக்கும் பொதுவான வரம்பா என்று ஒருமுறை பாருங்கள். ஒரு ஆய்வகத்தின் கருவி காட்டும் எண்ணை இன்னொரு ஆய்வகத்தின் எண்ணோடு நேராக ஒப்பிடவும் முடியாது.

ஆக, பார்க்கின்சனைக் கணக்கிலேயே எடுக்காமல், அந்த அம்புக்குறி மேலே போவதற்கு உங்கள் அப்பாவிடம் நான்கு காரணங்கள் இருக்கின்றன. என்னிடம் இந்தத் தாளைக் கொண்டுவந்திருந்தால், மறதி நோய் வரும் என்றோ வராது என்றோ அதை வைத்து ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டுகிறேன், அப்பா கணக்கர் என்பதால் அவருக்கும் இது பிடிக்கும். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. பார்க்கின்சன் உள்ள 100 பேர். அவர்களில் 30 பேருக்கு அடுத்த சில ஆண்டுகளில் மறதி நோய் வரப்போகிறது, 70 பேருக்கு வராது. நம்மிடம் ஒரு நல்ல பரிசோதனை இருக்கிறது. வரப்போகிறவர்களில் 80 சதவீதத்தினரைச் சரியாகப் பிடிக்கும், வராதவர்களில் 80 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடும். அப்படியானால் 30 பேரில் 24 பேருக்குச் சிவப்பு அம்புக்குறி வரும். வராத 70 பேரிலும் 14 பேருக்கு அதே அம்புக்குறி வரும். மொத்தம் 38 பேர் கையில் சிவப்புத் தாள், அதில் 14 பேர் வீணாக அழுகிறார்கள். மறுபக்கம், எல்லாம் சரி என்ற தாளோடு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களில் 6 பேர் நோய்க்குள் போவார்கள். 80 சதவீதம் என்பது காதுக்குப் பெரிதாகத்தான் கேட்கும். தனி ஒருவரின் வாழ்க்கையை அதன்மேல் வைத்து முடிவெடுக்க அது போதாது.

பி-டாவ் 217 செய்து உறுதி செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது வேறொரு கேள்விக்கான பரிசோதனை. மூளையில் அல்சைமர் வகை மாற்றம், அதாவது அமிலாய்டு என்ற புரதத்தின் படிவும் டாவ் என்ற புரதத்தின் சிக்கலும், இருக்கிறதா என்பதைச் சொல்ல முயல்கிறது. 2025 மே மாதம் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதித்த ரத்தப் பரிசோதனை இந்த பி-டாவ் 217ஐ அமிலாய்டு அளவோடு சேர்த்துப் பார்ப்பது. அந்த அனுமதியே 55 வயதோ அதற்கு மேலோ ஆன, ஏற்கெனவே நினைவுக் குறைபாடு உள்ளவர்களுக்கு, அல்சைமரா என்று பார்ப்பதற்காக மட்டும். பார்க்கின்சன் நோயாளிக்கு மறதி நோய் வருமா என்று ஜோசியம் பார்க்க அதைக் கொடுக்கவில்லை. "அனுமதி பெற்ற பரிசோதனை" என்று நீங்கள் எழுதியிருந்ததால் இதைச் சொல்கிறேன். அனுமதி எதற்கு என்பதுதான் முக்கியம்.

பார்க்கின்சனில் வரும் மறதி நோயின் மையத்தில் இருப்பது ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம். நரம்பு செல்களுக்குள் அது உருண்டைகளாகத் திரள்கிறது. ஃப்ரெட்ரிக் லூயி என்ற மருத்துவர் 1912இல் விவரித்த இந்த உருண்டைகளில் இருப்பது ஆல்ஃபா சைனுக்ளின்தான் என்று 1997இல் தெரிந்தது. மறதி நோயோடு இறந்த பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையைப் பரிசோதித்தால், ஒரு பெரும் பங்கினருக்கு இதோடு அல்சைமர் மாற்றங்களும் கலந்திருக்கின்றன, அப்படிக் கலந்தவர்களுக்குச் சரிவு வேகமாக இருந்திருக்கிறது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் பி-டாவையும் கவனிக்கிறார்கள். ஆனால் பி-டாவ் குறைவாக இருந்தாலும் சைனுக்ளினால் மட்டுமே மறதி நோய் வரலாம். சிறுநீரகம் மந்தமானால் இந்த அளவும் ஏறும். உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை, ஒரு குழப்பத்தின்மேல் இன்னொரு குழப்பம்தான் கிடைக்கும். இப்போது வேண்டாம்.

80 சதவீதம் என்ற அந்தக் கணக்கு

நீங்கள் படித்தது அநேகமாக சிட்னியில் நடந்த நீண்டகால ஆய்வாக இருக்கும். புதிதாக நோய் கண்டறியப்பட்ட 136 பேரை 20 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி 100 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். 83 சதவீதத்தினருக்கு மறதி நோய் என்பது, 20 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டுமான கணக்கு. அந்த எண் பொய்யில்லை. ஆனால் "பார்க்கின்சன் வந்த 100 பேரில் 80 பேருக்கு" என்று அது ஊர் சுற்றும்போது காலமும் வயதும் உதிர்ந்துபோகின்றன.

2024இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய குழுக்களின் தரவுகளை வைத்து வந்த ஆய்வு இதைவிட நிதானமான படத்தைத் தருகிறது. ஒரு குழுவில் 10 ஆண்டுகளில் மறதி நோய்க்கான வாய்ப்பு 10 சதவீதத்துக்கும் கீழே. இன்னொன்றில் நோய் கண்டறிந்து 10 ஆண்டுகளில் 27 சதவீதம், 15 ஆண்டுகளில் 50, 20 ஆண்டுகளில் 74. முதல் குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் நன்கு படித்த, ஆராய்ச்சிக்குத் தாங்களே முன்வந்தவர்கள் என்பதால் அந்த எண்ணை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. இரண்டாவது குழு நாங்கள் அன்றாடம் பார்க்கும் நோயாளிகளுக்குக் கொஞ்சம் நெருக்கமானது. ஆபத்து உண்மையானது, நான் அதை மூடி மறைக்கவில்லை. ஆண்டுகள் கூடக் கூட அது கூடுகிறது. ஆனால் 7ஆம் ஆண்டில் இருக்கும் ஒருவருக்கு எல்லாம் முடிந்துவிட்டதுபோல் நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை.

1817இல் இந்த நோயை முதலில் விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சன், புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்றே எழுதினார். வெகுகாலம் மருத்துவர்களும் அதையே நம்பினோம். அந்த நம்பிக்கையால் நோயாளிகளின் குழப்பமும் மாயத்தோற்றமும் கேட்பாரற்றுப் போயின. இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்து, பார்க்கின்சன் என்றாலே மறதி நோய் என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம்.

என் கண் நின்ற இடம்

சரி, மாத்திரைகளுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதிலேயே என்னை உட்கார வைத்த விஷயம் இதுதான்.

மூளையில் கவனத்துக்கும் நினைவுக்கும் தேவையான ஒரு வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். பார்க்கின்சன் நோயில், அசைவுகளுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைவது எல்லோருக்கும் தெரியும். அசிட்டைல்கோலினும் குறையும் என்பது அவ்வளவாகத் தெரியாது. அப்பா சாப்பிடும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் இந்த அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுத்துத்தான் நடுக்கத்தைக் குறைக்கிறது. சிறுநீருக்காகச் சேர்த்த ஆக்ஸிபியூட்டினினும் அதே வேலையைச் செய்கிறது. ஏற்கெனவே வற்றிக்கொண்டிருக்கும் கிணற்றில் இரண்டு பேர் மோட்டார் போட்டதுபோல் ஆகிவிட்டது. வயதானவர்களிடம் இந்த வகை மாத்திரைகள் மறதி, குழப்பம், மாயத்தோற்றம் மூன்றையுமே உண்டாக்கும். இரண்டு மருத்துவர்களும் ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாமலே கொடுத்திருக்கலாம், இது அடிக்கடி நடக்கிறது. கடந்த சில மாதங்களில்தான் அப்பா மாறியிருக்கிறார் என்கிறீர்கள். அந்த மாத்திரை சேர்ந்தது 6 மாதத்துக்கு முன்.

எல்லாமே மாத்திரையால்தான் என்று நான் உறுதி சொல்லவில்லை. ஆனால் சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று கண்ணெதிரே இருக்கும்போது முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். இவற்றுக்கு மாற்று உண்டு. சிறுநீர்த் தொல்லைக்கு அசிட்டைல்கோலினைத் தொடாத மிராபெக்ரான் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவருடைய ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். ஒன்றே ஒன்று: நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ட்ரைஹெக்ஸிஃபெனிடிலைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

அப்புறம் மெட்ஃபார்மின். அது சர்க்கரைக்கு நல்ல மருந்துதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களிடம் வைட்டமின் பி12ஐக் குறைக்கும். பி12 குறைந்தால் பாதம் எரியும், மரத்துப்போகும், மறதியும் வரும். அதாவது உங்கள் கடிதத்தில் உள்ள பல தொல்லைகளுக்கு அது ஒரு பங்கு காரணமாக இருக்கலாம், அந்தச் சிவப்பு அம்புக்குறிக்கும்கூட. லெவோடோபா சாப்பிடுபவர்களுக்கு பி12 பார்ப்பது எப்படியும் அவசியம். நீங்கள் அப்பாவின் ரத்தத்தில் தேடியிருக்க வேண்டியது இதைத்தான்: பி12, தைராய்டு, சோடியம், சிறுநீரகம், ரத்தச்சோகை, கூடவே சிறுநீரில் கிருமித்தொற்று. எந்த ஆய்வகத்திலும் கிடைக்கும் சாதாரணப் பரிசோதனைகள். குறை தெரிந்தால் அதற்கு மருந்தும் உண்டு.

அவர் விழுந்ததையும் சும்மா விட முடியாது. எழுந்ததும் தலைசுற்றல் என்றால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். 5 நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். நிற்கும்போது மூளைக்கு ரத்தம் குறைவது அந்த நேரத்துக் குழப்பத்துக்கும் காரணமாகலாம், நீண்டகாலத்தில் நினைவாற்றல் சரிவோடும் அதற்குத் தொடர்பு இருக்கிறது. விழுந்த பிறகு அவருடைய குழப்பம் கூடியிருந்தால் தலையை ஸ்கேன் செய்து பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. முதியவர்களுக்கு மூளையின் மேல்பரப்பில் ரத்தம் மெதுவாகக் கசிந்து சில வாரம் கழித்துத் தெரிய வருவதுண்டு.

கண்ணால் பார்த்தே தெரிவது

எதிர்காலத்தை ஓரளவுக்குக் காட்டும் அறிகுறிகள் ரத்தத்தில் மட்டும் இல்லை. அப்பா தூக்கத்தில் கத்தி உதைப்பது, கனவு காணும் நேரத்தில் தசைகள் தளராமல் இருக்கும் ஒரு தூக்கக் கோளாறு. ஓரத்தில் யாரோ கடந்துபோவதுபோல் தோன்றுவதும் பார்க்கின்சனில் நன்கு தெரிந்த ஒன்று. இந்த இரண்டும், வயதும், நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவதும் மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுபவை. இதை உங்களிடம் மறைப்பது நியாயமில்லை. ஆனால் இவற்றில் ஒவ்வொன்றுக்கும் நாம் செய்ய ஏதாவது இருக்கிறது. தோன்றியது தோற்றம்தான் என்று அவரே உணர்வது நல்ல அறிகுறி. மாத்திரையைச் சரிசெய்தாலே அது குறையக்கூடும். படுக்கைக்குப் பக்கத்தில் கூர்மையான பொருட்கள் வேண்டாம், தரையில் மெத்தை போடுங்கள். மாயத்தோற்றம் கூடி ஏதாவது அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், "அப்பாவுக்குப் பார்க்கின்சன், ஹாலோபெரிடால் கொடுக்காதீர்கள்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும் ஆகாது. இரண்டும் உடலை மரக்கட்டைபோல் இறுக்கிவிடும். ஒரு சீட்டில் எழுதி அவர் பர்ஸில் வைத்துவிடுங்கள்.

முதல் எழுத்தைச் சொன்னால் பெயர் வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி எனக்கு முக்கியம். நினைவு உள்ளே பத்திரமாக இருக்கிறது, எடுத்துத் தருவதுதான் மெதுவாகிறது. பார்க்கின்சனில் இது பொதுவானது. வரவு செலவில் குழம்புவது கவனமும் திட்டமிடலும் தடுமாறுவதைக் காட்டுகிறது. இப்போதைக்கு இதை லேசான அறிவுத்திறன் குறைபாடு என்ற அளவில்தான் வைப்பேன். தன் அன்றாட வேலைகளைத் தானே செய்ய முடியாத அளவுக்குச் சரிவு போனால்தான் மறதி நோய் என்ற பெயரை வைப்போம். லேசான நிலையில் இருக்கும் எல்லோரும் அங்கே போவதில்லை, சிலர் மறுபடி இயல்புக்கே திரும்பியிருக்கிறார்கள். நரம்பியல் மருத்துவரிடம் 30 மதிப்பெண்ணுக்கான மோகா என்ற தேர்வைச் செய்யச் சொல்லுங்கள். மாத்திரைகளை மாற்றி, பி12ஐச் சரிசெய்து, சில மாதம் கழித்து மறுபடி அதையே செய்தால், இரண்டு மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எந்த ரத்த எண்ணையும்விடத் தெளிவாகப் பேசும். மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். அதுவும் மறதி வேடத்தில் வரும்.

பின்னாளில் மறதி நோயே வந்தாலும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. அசிட்டைல்கோலினைக் கரையவிடாமல் காக்கும் ரிவாஸ்டிக்மின், 541 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 2004இல் முடிவு வெளியானது. நோயை நிறுத்தாது, மிதமான பலன்தான், ஆனால் சிலருக்குத் தெளிவும் மாயத்தோற்றக் குறைவும் கிடைக்கிறது. ஒரு கையில் ட்ரைஹெக்ஸிஃபெனிடிலும் மறு கையில் ரிவாஸ்டிக்மினும் கொடுத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

நீங்கள் கேட்ட புதிய மருந்து லெகானெமாப் போன்றதாக இருக்க வேண்டும். அது மூளையில் அமிலாய்டு இருப்பது உறுதியான, ஆரம்பநிலை அல்சைமர் நோயாளிகளுக்கானது. மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் ஏற்படுத்தக்கூடியது. பார்க்கின்சனில் மறதி வராமல் தடுப்பதற்கு அதைக் கொடுக்க எந்த ஆதாரமும் இல்லை.

அப்பாவிடம் சொல்வது

இப்போது கடினமான பகுதி. நீங்கள் செய்தது தவறா என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன். ஆம், தவறுதான். அன்பினால் செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது அவருடைய ரத்தம், அவருடைய எதிர்காலம். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருப்பதுபோலவே தெரிந்துகொள்ள மறுக்கும் உரிமையும் அவருக்கு இருக்கிறது. வருமுன் அறிந்தாலும் தடுக்க மருந்து இல்லாத ஒரு விஷயத்தில் அந்த இரண்டாவது உரிமை இன்னும் கனமானது. என் நோயாளிகளில் சிலர் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டால்தான் நிம்மதி என்பார்கள். சிலர் "அதெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டாம் டாக்டர்" என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். இரண்டு பேரையும் நான் மதிக்கிறேன். உங்கள் அப்பா இதில் எந்த வகை என்று நீங்கள் கேட்கவே இல்லை.

மறைக்காதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. முடிவுத்தாள் அவருடைய கோப்பில் இருக்கும், எங்காவது ஒரு மருத்துவர் யதேச்சையாக வாசித்துவிடுவார். அப்படி அவருக்குத் தெரிய வருவது, நீங்கள் சொல்லித் தெரிவதைவிட மோசம். ஆனால் எண்ணோடு ஆரம்பிக்க வேண்டாம். நிதானமான ஒரு பொழுதில், மருந்து வேலை செய்து அவர் சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தில் உட்காருங்கள். "அப்பா, உங்க மறதியை நினைச்சு பயந்துபோய், உங்ககிட்ட கேட்காம ஒரு ரத்தப் பரிசோதனை செஞ்சுட்டேன். கேட்டிருக்கணும், மன்னிச்சிடுங்க. முடிவைத் தெரிஞ்சுக்க விருப்பமா, வேண்டாமா?" இவ்வளவு போதும். வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள். வேண்டும் என்றால், கால் நரம்பு, சிறுநீரகம், தலையில் பட்ட அடி என்று மேலே நான் சொன்ன காரணங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கோபப்படலாம். படட்டும். தன் மறதியைப் பற்றி அவருக்கே ஒரு பயம் இருந்திருக்கும், யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பார். பேச்சு அங்கே திரும்பினால் நீங்கள் பேசுவதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

தம்பி சொல்வதில் ஒரு பாதி சரி. உயில், வங்கி நியமனம், தன்னால் முடியாமல் போனால் மருத்துவ முடிவுகளை யார் எடுப்பது என்பதையெல்லாம் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைப்பது நல்லது. பார்க்கின்சன் இல்லாத 68 வயதுக்காரருக்கும் இதையே சொல்வேன். ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் அப்பா. நீங்கள் இருவரும் அவருக்காகச் செய்வது இல்லை. பார்க்கின்சன் இருப்பதாலோ, பெயர்கள் மறப்பதாலோ, ரத்தத்தில் ஒரு புரதம் கூடியதாலோ ஒருவர் முடிவெடுக்கும் தகுதியை இழந்துவிடுவதில்லை. குறிப்பிட்ட ஒரு முடிவைப் புரிந்துகொண்டு, எடைபோட்டு, தன் விருப்பத்தைச் சொல்ல அவரால் முடிகிறதா என்பதுதான் அளவுகோல். அந்தத் தாளைக் காட்டி அவசரமாகக் கையெழுத்து வாங்கினால், நாளைக்கு அதே தாளே "அப்போதே அவருக்குத் தெளிவில்லை" என்று வழக்கு போட இன்னொருவருக்கு உதவும். ஒரு வழக்கறிஞரிடம் அப்பாவைக் கூட்டிப்போங்கள், தனியாகப் பேசவிடுங்கள், என்ன வேண்டும் என்று அவர் வாயால் வரட்டும்.

ஆராய்ச்சியில் பங்கேற்க அவருக்கு விருப்பம் இருந்தால் அது வேறு. இந்த ரத்தக் குறியீடுகளுக்கு உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது. யாருக்குச் சரிவு வேகமாக இருக்கும் என்று ஓரளவு பிரித்தெடுக்க முடிந்தால், புதிய மருந்துகளைக் குறைந்த காலத்தில் சோதித்துவிடலாம். முறையாக விளக்கி, சம்மதம் வாங்கி, ஆண்டுதோறும் அளந்து செய்வார்கள். மரபணுப் பரிசோதனையும் அங்கே பேச்சில் வரலாம். ஜிபிஏ1 என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு நினைவுச் சரிவு முன்னதாக வர வாய்ப்புண்டு. அந்த முடிவு உங்களையும் தம்பியையும் தொடும் என்பதால், மரபணு ஆலோசகரிடம் மூவரும் பேசிய பிறகே அதற்குள் போங்கள்.

நடைப்பயிற்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடமாட்டத்துக்கு அதன் பலன் நன்றாக நிரூபிக்கப்பட்டது, நினைவுக்கும் ஓரளவு உதவுவதாகத் தெரிகிறது. வியர்க்கும் அளவுக்குச் செய்யட்டும், விழாமல் இருக்க ஒருவர் கூடப் போங்கள். வரவு செலவுக் கணக்கை அவரிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரி அவர், ஒரு வரி நீங்கள் என்று எழுதுங்கள்.

நரம்பியல் மருத்துவருடன் அடுத்த சந்திப்பு இரண்டு மாதம் கழித்து என்று எழுதியிருந்தீர்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், யார் கொடுத்தது என்ற குறிப்போடு ஒரு பையில் போட்டு, படுத்தும் நின்றும் எடுத்த ரத்த அழுத்தக் கணக்கோடு இந்த வாரமே அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அறைக்குள் போனதும், "ட்ரைஹெக்ஸிஃபெனிடிலும் ஆக்ஸிபியூட்டினினும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கின்றன டாக்டர்" என்று அதை முதலில் சொல்லுங்கள்.